பாட்டு முடிந்த பிறகு வந்த சத்தம்

என் நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் உடும்பு. பிடித்தால் விடமாட்டாள். வைத்தது அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் கேட்கவே பாவமாக இருந்தது. இப்போது அப்படியில்லை.

நான் வீட்டின் பின்னறையில் பாட்டு ஒலிப்பதிவு செய்கிறவள். சுவரெல்லாம் பழைய மெத்தை, நடுவில் ஒரு மைக், மூலையில் ஒன்பது வருடத்துக் கம்ப்யூட்டர். கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ஒரு நாள் கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருளின் கம்பெனியிடமிருந்து திரையில் அறிவிப்பு வந்தது: எங்கள் புதிய பதிப்புக்கு உங்கள் கம்ப்யூட்டர் தகுதியில்லை, வேறு வாங்குங்கள். அடப்பாவிகளா! நன்றாக ஓடுகிற பொருளைக் குப்பையில் போடச் சொல்ல இவர்கள் யார்?

"லினக்ஸ் போடுங்க அண்ணி. அங்க யாரும் உங்களை வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க" என்றாள் உடும்பு. அதுவும் கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள்தான், ஆனால் இலவசம். அவளே போட்டும் கொடுத்தாள். பதிவு செய்கிற மென்பொருள் ஓடியது, மைக் வேலை செய்தது. ஓடாதது ஒன்றே ஒன்று. பெரிய கூடத்தில் நின்று பாடுவதுபோல் குரலை விரித்துக் காட்டும் பிளகின், அதாவது பாட்டு மென்பொருளுக்குள் செருகிக்கொள்கிற சின்ன புரோகிராம். என் பாட்டு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அது இல்லாமல் பழைய பாட்டைத் திறந்தால் குரல் வறட்டுக் குரலாக நிற்கும். அதைத் தயாரிப்பது யார்? இவள் வேலை பார்க்கிற கம்பெனிதான்.

எனக்கு வந்ததே கோபம். "ஊருக்கெல்லாம் செஞ்சு தர்றீங்க. சொந்த அண்ணி மிஷின்ல ஓடல. வெட்கமா இல்ல உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாளே மேனேஜரிடம் போய் நின்றிருக்கிறாள். "லினக்ஸ்ல யாரும்மா கேக்கறாங்க? மொத்தம் நாலு பேரு. அந்த நாலும் ஓசி கேஸு" என்றாராம் அவர். உடும்பு நேராகக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒரு கேள்வியைப் போட்டாள்: லினக்ஸுக்கு வந்தால் காசு கொடுத்து வாங்குவீர்களா? இரண்டே வாரத்தில் மூவாயிரம் பேர் வாங்குவோம் என்று எழுதினார்கள். அத்தனையையும் அச்செடுத்து அவர் மேசையில் பொத்தென்று போட்டு, "உங்க நாலு பேரு சார்" என்றிருக்கிறாள்.

மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "உன் லீவு நாள்ல செஞ்சுக்கோ. முதலாளியம்மா முன்னாடி ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டு. அங்க சொதப்பினா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார்.

பதினாலு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் விடிந்ததும் என் அறைக்கு வந்துவிடுவாள். அது வராது, இது வராது என்று கம்பெனியில் ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக வரவழைத்தாள். "இதுல உனக்கு என்னடி கிடைக்கும்?" என்று அவள் அண்ணன் கேட்டதற்கு, "கோபம் அடங்கும்" என்றாள்.

காட்டவேண்டிய நாளும் வந்தது. என் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். கூட்ட அறையில் முதலாளியம்மா, மேனேஜர், இன்னும் இரண்டு பேர். நான் பாடிய பாட்டை ஓடவிட்டாள். என் குரல் கூடமாக விரிந்தது. முதலாளியம்மா கண்ணை மூடிக் கேட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாட்டு முடிந்து, குரலின் கடைசி அலையும் மெல்ல மெல்ல அடங்கியது.

அதற்கப்புறம்தான் ஸ்பீக்கரில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம்.

"நான் அப்பவே சொன்னேன் மேடம், லினக்ஸ்னாலே இப்படித்தான்" என்று மேனேஜர் எழுந்தே விட்டார்.

"உக்காருங்க சார்!" என்று ஒரு அதட்டல் போட்டாள் உடும்பு. உட்கார்ந்துவிட்டார்.

திரையை உற்றுப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பதினாலு மாசமும் பாட்டை ஓட விட்டே சோதிச்சேன். முடிஞ்சதும் அடுத்த பாட்டுக்குத் தாவினேன். ஒரு தடவையாவது சும்மா உக்காந்து கேட்டேனா?"

பிறகு விளக்கினாள். சத்தம் அடங்க அடங்க உள்ளே ஓடுகிற எண்கள் சிறுத்துக்கொண்டே போகும், ஆனால் பூஜ்யம் ஆகாது. அந்தத் தூசி எண்களோடு மல்லுக்கட்டிக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறது, சத்தம் அறுந்து அறுந்து வெடிக்கிறது. "மத்த மிஷின்ல நாம சோதிக்கிற பாட்டு மென்பொருளே அந்தத் தூசியைத் துடைச்சுடுது. இதுல துடைக்கல. தப்பு லினக்ஸ்ல இல்ல மேடம். நம்ம பிளகின்ல."

"கதை விடாதம்மா" என்றார் மேனேஜர்.

"உங்க லேப்டாப்பைக் குடுங்க சார்."

அது லினக்ஸ் இல்லாத, காசு கொடுத்து வாங்கிய வகை. கம்பெனி வருடக்கணக்காக விற்கிற அதே பிளகினை, எதையும் துடைக்காத ஒரு வெறும் சோதனைப் புரோகிராமில் திறந்து, அதே பாட்டைப் போட்டாள். பாட்டு முடிந்தது. அதே கடுகு, அதே வெடி. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சரிபண்ண எவ்வளவு நேரம் வேணும்?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"பத்து நிமிஷம்."

மிகச் சிறிய எண் வந்தால் பூஜ்யமாக எடுத்துக்கொள் என்று இரண்டு வரி எழுதினாள். என் கம்ப்யூட்டரில் மறுபடி பாட்டு ஓடியது, முடிந்தது, அலை அடங்கியது. ஆறு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே லிஃப்ட் ஏறுகிற சத்தம்கூடக் கேட்டது.

"ஒண்ணுமே கேக்கலையே" என்றார் மேனேஜர்.

"அதுக்குத்தான் சார் பதினாலு மாசம்."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். "எல்லா மிஷினுக்கும் ஒரே நாள்ல வெளியிடுங்க. லினக்ஸையும் சேர்த்துத்தான்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உடும்பு ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப வெட்கமா இல்ல அண்ணி."