மஞ்சள் நீரும் நாத்தனாரும்

மஞ்சள் நீராட்டைப் படம் பிடிக்க விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. யாருக்கு யார் என்ன முறை என்று தெரிந்திருந்தால் போதும்.

என் புகுந்த வீடு இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா பங்குனியில் வரும். கடைசி நாள் காலையில் பெரிய நீலப் பீப்பாய்களில் மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, ஒருவர்மேல் ஒருவர் ஊற்றுவார்கள். புதிதாக வருகிறவர் கண்ணுக்கு அது தலைகால் தெரியாத கூத்து. ஆனால் அங்கே ஒரு செம்புத் தண்ணீர்கூட முறை தவறி விழாது. அத்தை மகள் மாமன் மகன்மேல் ஊற்றுவாள். கொழுந்தன் அண்ணிமேல் ஊற்றுவான். அண்ணன் தங்கைமேல் ஊற்ற மாட்டான், கைதவறிக்கூட.

ஒரு வருஷம் கொழும்பிலிருந்து இரண்டு பேர் கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்ட பக்கமெல்லாம் ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேரும்போது தண்ணீர் தரையில் கிடந்தது. நான் கோயில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நின்றேன். அங்கே ஓர் இளவட்டம் புதுச் சட்டையோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். மூன்று பக்கத்திலிருந்தும் தண்ணீர் வந்து அவன்மேல் விழுந்தபோது நான் தயாராக இருந்தேன். எப்படித் தெரிந்தது என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். அவனுக்கு மூன்று அத்தைமார், மூன்று வீட்டிலும் பெண் இருக்கிறது என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்து அவர் சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கு மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் மெயின் ரோட்டோரமாகச் சின்ன ஸ்டூடியோ. கடவுச்சீட்டுப் படம், லேமினேட்டிங், அதோடு கல்யாணங்கள். வீட்டுக்காரர் தம்புள்ளைக்கு லொறி ஓட்டுகிறார். திருவிழாவுக்கு இரண்டு பேரும் கடையையும் லொறியையும் நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்கு ஏறிவிடுவோம். கோயில் கமிட்டிக்குப் படம் எடுத்துக் கொடுப்பது கல்யாணமான நாளிலிருந்து என் வேலை. கேமராவுக்குச் சொப்பிங் பையைக் கட்டி, லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி ஓட்டை போட்டு, ரப்பர் பட்டியால் இறுக்கிவிடுவேன். கேமரா கழுத்தில் கிடக்கும்வரை என்மேல் யாரும் ஊற்றக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

எல்லாம் முடிந்து கேமராவைக் கழற்றிக் கோயில் மடப்பள்ளி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்புவேன். அங்கே ஒரு முழு வாளியோடு என் நாத்தனார் காத்திருப்பாள். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவருக்குத் தம்பிமார் கிடையாது. அதனால் உரிமையோடு என்னை நனைக்க அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். வீட்டுக்காரர் ஊற்றலாம்தான். ஆனால் நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டிமேல் தண்ணீர் ஊற்ற அவருக்கு வெட்கம். இறக்குமதி நின்று மஞ்சள் தங்க விலை விற்ற அந்த வருஷங்களில்கூட, வீட்டுக்குப் பின்னால் நட்டு வைத்திருந்த மஞ்சளைக் கிண்டி எடுத்து, எனக்கென்று தனியாக ஒரு வாளி கரைத்தவள் அவள்.

அப்படிப்பட்டவளை நான் என் வாயாலேயே தூரமாக்கிக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னது போலத்தான்.

அவள் கல்யாணம் மாத்தளை டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் நாவுல, சொந்த த்ரீவீலர் வைத்திருக்கிறார், தங்கமான மனுஷன். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியாள் எதற்கு, படம் முழுக்க நான்தான் என்று மார்தட்டியவள் நான். காலையிலிருந்து எல்லாம் நன்றாகத்தான் போனது. முகூர்த்தத்துக்கு முன் அட்சதைத் தட்டு சபையைச் சுற்றி வந்தது. அண்ணி என்ற முறையில் என் கையிலும் ஒரு பிடி விழுந்தது. இடது கையில் மஞ்சள் அரிசி, வலது கையில் கேமரா.

ஐயர் கையைக் காட்டினார். கெட்டிமேளம் எழுந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குள் என்ன ஆனது என்று இன்றைக்கும் தெரியாது. நான் தலை பின்னிவிட்ட பிள்ளை, பரீட்சைக்கு முதல் நாள் என் மடியில் படுத்து அழுத பிள்ளை, குனிந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. கேமரா என் கழுத்தில் தொங்கியது. இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் போட்டேன். போட்டுவிட்டு அழுதேன். சுயநினைவு வந்து கேமராவைத் தூக்கியபோது மூன்று முடிச்சும் விழுந்து, மாப்பிள்ளை நிமிர்ந்துவிட்டார்.

தாலி கட்டும் படம் என்னிடம் இல்லை. வேறு யாரிடமும் இல்லை. படக்காரி என்று எனக்குத்தான் மணவறைக்கு நேர் முன்னால் இடம் விட்டிருந்தார்கள். போனில் எடுத்தவர்களுக்கெல்லாம் என் முதுகுதான் கிடைத்தது.

இதோடு விட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். மாலையைத் திரும்பப் போடுங்க, மோதிரத்தைத் திரும்பப் போடுங்க என்று வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய். அது என்னைக் கேட்காமலே திறந்தது.

"மாப்பிள்ளை, இன்னொரு தடவை கட்டுங்க."

மேளம் அப்போதுதான் நின்றிருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒரு பெண்ணுக்கு இரண்டாம் தாலி என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐயர் 'சிவ சிவா' என்றார். என் மாமியார் முகம் கறுத்துப்போனது. மணப்பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் படம் எடுக்கவில்லை, எடுக்காமலேயே மனதில் கிடக்கிறது. என்ன ஆச்சு என்று எல்லாரும் கேட்டபோது, பெட்டரி போய்விட்டது என்று பொய் சொன்னேன். அழுதேன் என்று சொல்ல ஒரு படக்காரிக்கு வெட்கமாக இருந்தது.

அதற்கு நாலு மாதம் கழித்து நாவுல ரோட்டில் மழையில் த்ரீவீலர் கவிழ்ந்து மாப்பிள்ளைக்குக் கை உடைந்தது. மழை பெய்தால் வண்டி சறுக்கும், அது உலக வழக்கம். ஆனால் அண்ணிக்காரி அன்றைக்கு வாய் வைத்ததுதான் காரணம் என்று அந்தப் பக்கம் பேச்சு எழுந்தது. நான் பழமும் பாலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி நாவுலைக்குப் போனேன். மாப்பிள்ளை சிரித்த முகமாகத்தான் வாங்க என்றார். நாத்தனார் பால் ஊற்றாத பிளேன்டி கொண்டு வந்து வைத்தாள். எனக்கு இரண்டு கரண்டி சீனி வேண்டும் என்று அவளுக்குத் தெரியாததா? ஒரு சொட்டு இனிப்பு இல்லை. நான் அப்படியே குடித்து முடித்தேன். முன்னறைச் சுவரில் நான் எடுத்த கல்யாணப் படங்கள் வரிசையாக இருந்தன, மாலை மாற்றியது, அம்மி மிதித்தது எல்லாம். நடுவில் மட்டும் ஓர் ஆணி, அதில் ஒன்றும் இல்லை.

போன வருஷத் திருவிழாவுக்கு அவள் வந்தாள். தன் பக்கத்து முறைக்காரர்கள் எல்லாரையும் நனைத்தாள். நான் வேலை முடித்து, கேமராவை மடப்பள்ளி ஆணியில் மாட்டிவிட்டு, வழக்கமான இடத்தில் வந்து நின்றேன். அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ஊரே மஞ்சளாக மலை இறங்கியது. நான் மட்டும் காய்ந்த சேலையோடு அலுவிகாரைக்குத் திரும்பினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா திருவிழாவுக்குப் போகவில்லையா என்று கேட்டபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த வருஷமும் அப்படியே திரும்பினால், இனி எந்த வருஷமும் அவள் ஊற்ற மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் விட்டால் கோபம், இரண்டு வருஷம் விட்டால் வழக்கம்.

மஞ்சள் நீராட்டு அன்று காலை நல்ல வெயில். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் ஏழு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். கமிட்டித் தலைவர் வெள்ளை வேட்டியோடு வந்து, இந்தத் தடவை தன்னை யாரும் நனைக்கக் கூடாது, இரத்த அழுத்தம் இருக்கிறது என்று அறிவித்தார். அவர் மச்சினிமார் நாலு பேர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஐந்தாவது நிமிஷம் அவர் வேட்டி கரைத்த மஞ்சளாகிவிட்டது. ஒரு மாமன்காரர் தப்பித்துப் போய் தோட்டத்து லய வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கூரைத் தகரத்தை நகர்த்தி மேலாலே ஊற்றினார்கள். எல்லாம் என் கேமராவில் இருக்கிறது.

என் நாத்தனாரும் அதில் இருக்கிறாள், நிறையவே. லென்ஸ் வழியாகப் பார்ப்பதற்கு அவள் தடை சொல்லவில்லை. ஒரு தடவை முழு வாளியோடு நேராக என் பக்கம் வந்தாள். கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு திரும்பி நடந்தாள்.

அந்த நிமிஷம் எனக்குக் கோபம்தான் வந்தது, அவள்மேல் இல்லை, என்மேல். முறை அவளுக்கு மட்டும்தானா? அவள் எனக்கு நாத்தனார் என்றால் நான் அவளுக்கு அண்ணி. ஊற்றும் உரிமை இரண்டு பக்கமும் உண்டு. இத்தனை வருஷமாக நான் ஒரு செம்புகூட ஊற்றியதில்லை. கேமராவைச் சாக்கு வைத்து, வாங்கிக்கொள்கிறவளாகவே இருந்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் கழுத்தில் கேமராவை மாட்டினேன். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் பீப்பாயில் செம்பை முக்கி எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னாலிருந்து அவள் உச்சந்தலையில் ஊற்றினேன்.

தப்புச் சத்தம் தொடர்ந்தது. ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் செம்பைத் தாழ்த்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்கள். மாமியார் பீப்பாய்ப் பக்கத்தில் கையில் வேப்பிலையோடு அப்படியே நின்றார். நாத்தனார் மெதுவாகத் திரும்பினாள். கண்ணில் இறங்கிய மஞ்சளைப் புறங்கையால் துடைத்தாள்.

"பெட்டரி போகல," என்றேன். மூச்சு வாங்கியது. "கையில அரிசி இருந்துச்சு. ஒன் தலையில போட்டுட்டு அழுதுகிட்டு நின்னேன். பெறகு வாய் தவறிடுச்சு. என்னைய மன்னிச்சிரும்மா."

அவள் தலையில் ஒட்டியிருந்த வேப்பிலையை எடுத்துப் போட்டாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி," என்றாள். "அவுங்க மாமா போன்ல எடுத்த வீடியோ பூரா ஒங்க முதுகுதான். கை ரெண்டும் மேல இருந்துச்சு. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் வாளி என் தலைமேல் கவிழ்ந்தது. முழு வாளி. இரண்டு வருஷத்துக் கணக்கையும் சேர்த்து ஊற்றினாள். மூக்கு, வாய், காது எல்லாம் மஞ்சளும் வேப்பிலையும். நான் தும்மினேன், சிரித்தேன், அழுதேன். எது தண்ணீர், எது கண்ணீர் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, உடைந்து ஒட்டிய கையை நன்றாகத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் தன் அண்ணனைப் பார்த்தாள். அவர் கழுத்தில் கேமரா கிடந்தது. கைகள் இரண்டும் இடுப்பில் இருந்தன. வாய் திறந்திருந்தது.

"அண்ணே, எடுத்தியா?"

அவர் குனிந்து கேமராவைப் பார்த்தார். அப்போதுதான் அது தன்மேல் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். இல்லை என்று தலையாட்டினார்.

அவள் கீழே கிடந்த செம்பை எடுத்துப் பீப்பாயில் முக்கினாள். என்மேல் ஊற்றவில்லை. நிரம்பிய செம்பை என் கையில் கொடுத்து, குனிந்து நின்றாள். மணவறையில் குனிந்த அதே மாதிரி.

"அண்ணி, இன்னொரு தடவை ஊத்துங்க."

முதலில் சிரித்தது என் மாமியார்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு அந்த இடமே சிரித்தது. நான் ஊற்றினேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு நாலு பேர் சேர்ந்து கத்திச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தப் படத்தில் நாங்கள் இருவரும் கண்ணை மூடியிருக்கிறோம். கோயில் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மேல் மூலையில் என் வீட்டுக்காரரின் கட்டைவிரல். இப்படி ஒரு படத்தை என் ஸ்டூடியோவிலிருந்து யாருக்கும் கொடுக்க மாட்டேன். அவள் அதைத்தான் பெரிதாக அடித்துத் தரச் சொன்னாள்.

போன கிழமை நாவுலைக்குப் போயிருந்தேன். பிளேன்டியில் மூன்று கரண்டி சீனி போட்டிருந்தாள். குடித்துக்கொண்டே முன்னறைச் சுவரைப் பார்த்தேன். கல்யாணப் படங்களுக்கு நடுவே அந்த ஆணியில், கண்ணை மூடிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் மஞ்சளாக இருந்தோம்.