ஏட்டையாவும் என் மாங்கன்றும்

தென்காசியை அடுத்த எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. எல்லோருக்கும் அவர் ஏட்டையா. சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீசையையும் அதிகாரத்தையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பிடிக்கத் திருடர்கள் இல்லாததால் என் மாங்கன்றைப் பிடித்துக்கொண்டார்.

கிளை மதில் தாண்டி ஒரு சாண் நீண்டால் போதும், அரிவாளோடு வந்து நுனியை வெட்டிவிடுவார். குற்றாலச் சாரல் விழும் மாதங்களில் இளமரம் சும்மா இருக்குமா? வெட்டிய இடத்துக்குக் கீழே மூன்று கிளை வெடித்து, செம்பு நிறத்தில் கொழுந்து விடும். மூன்றையும் வெட்டுவார். சில வருஷங்களில் மரம் குடைபோல் அடர்ந்துவிட்டது. உரம் போட்டவன் நான், வளர்த்தவர் அவர்தான்.

“வெட்ட வெட்டத் தழைக்குதே ஏட்டையா, சாரல் கழிஞ்சு வெட்டுங்களேன்” என்றேன் ஒருநாள்.

“எனக்கே சட்டம் சொல்லுதீரா வே?” என்றவர், நேரே போய்ப் பஞ்சாயத்தில் மனு கொடுத்தார்.

அடுத்த சித்திரையில்தான் உத்தரவு வந்தது, கிளையை நானே வெட்ட வேண்டும் என்று. கோடரியோடு மதிலில் ஏறினேன். அந்தப் பக்கத்து நிழலில், பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தாள். ஏட்டையா விசிறிக்கொண்டிருந்தார்.

“இறங்கும் வே. எங்க பக்கத்துக் கெளையில கைவைக்க உமக்கு என்ன அதிகாரம்?”

“நீங்க குடுத்த மனுதானே ஏட்டையா?”

“அது சாரல்ல குடுத்தது. இப்பம் கோடைலா.”

இறங்கிவிட்டேன். மகள் தூக்கம் கெடக்கூடாதென்று, அந்தக் கோடை முழுவதும் என் மரத்துக் காக்கைகளை அந்த மனிதர் ரகசியக் குரலில் அதட்டிக்கொண்டிருந்தார்.