கூட்ஸ் வண்டி கிளம்பும்வரை பாடிய பாட்டு

இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. இதற்கான விதிமுறைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்: மணியை அடித்தேன், கதவைத் தொடவில்லை. வியர்வை மட்டும் எந்த விதிக்கும் கட்டுப்படவில்லை.

“பயப்படாத சார், மெக்கானிக்கு வந்துகினே கீறான்,” என்று வாட்ச்மேன் வெளியிலிருந்து கத்தினார்.

இருட்டில் கருகிய கிரீஸ் வாடை வந்தது. ஐம்பதுகளில், ராயபுரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் நடந்த எங்கள் ஞாயிறு பள்ளியின் வாடை அது. வீட்டுக்குப் போகும் ஒரே வழியை அடைத்தபடி கூட்ஸ் வண்டி வந்து நின்றுவிடும். கரிப்புகைக்காக ஜன்னல்களையும் சாத்திவிட்டு, வண்டி மனம் வைத்துக் கிளம்பும்வரை, புயலில் இயேசு தூங்கிய படகைப் பற்றிய பாட்டை எங்களுக்குப் பாடம் எடுத்த எஸ்தர் அக்கா பாட வைப்பாள். எல்லோரும் கைகளை ஆட்டி அலையாவார்கள். அழுகிற பிள்ளைதான் நடுவில் உட்காரும் படகு. பெரும்பாலும் அது நான்.

“நான் இன்னாக்கா செய்யணும்?” என்று விசும்புவேன்.

“படகு இன்னாடா செய்யும்? சும்மா குந்திகினு இரு. உள்ள அவரு கீறாரு இல்ல?”

வளர்ந்து, படித்து, இதெல்லாம் சிறுபிள்ளைகளை அடக்கும் உபாயம் என்று முடிவு கட்டியிருந்தேன். இப்போது லிஃப்ட் தரையில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைகூட மறக்காமல் பாட்டு வந்தது. பாடப் பாட மூச்சு சீரானது.

“சார், உள்ள வேற யாருனா கீறாங்களா?” என்றார் வாட்ச்மேன்.

“இருக்கிறார்,” என்றேன்.