எட்டாவது நாய்

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டே கால். கையுறைத் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஜெனவீவ் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரம், அவள் இல்லாத நேரம் நாயைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பழனியாண்டி கைப்பேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, நம்ம சுட்டிய நாய் புடிக்கிற லோரிக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"எப்போ?"

"பத்தரைக்கு. குளிப்பாட்டலாம்னு கழுத்துப் பட்டையக் கழட்டினேன். துண்டு எடுக்க உள்ள போனேன்லா, அதுக்குள்ள கேட்டத் தாண்டி ரோட்டுக்குப் போயிருச்சி. லைசென்ஸ் வில்லை பட்டையில இருக்கு..."

"பத்தரைக்குப் புடிச்சத இப்ப சொல்றியா?"

"லோரி பின்னாலயே மோட்டர்ல போனேன்கா. எம்பேச்ச எடுக்கல. லைசென்ஸ் உங்க பேர்ல இருக்காம்."

ஜெனவீவ் பொட்டலத்தை மடித்தாள். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை; வியாழன் மூன்றரை மணிக்கு அரசாங்க அலுவலகம் மூடினால், பிறகு ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கும். கோலாலம்பூரிலிருந்து நாய் வளர்ப்போர் சங்கத்தின் ஆய்வாளர் வருவதோ சனிக்கிழமை காலை. அவர் எதிரே எட்டு நாய்கள் நிற்க வேண்டும். அவளிடம் தகுதியான வயதில் இருந்தவை சரியாக எட்டு.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பதினான்கு வருடங்களுக்கு முன், ஜெராய் மலையடிவாரத் தோட்டத்தில், தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த மரவள்ளியைக் காட்டுப்பன்றியிடமிருந்து காத்த இரண்டு செம்பழுப்பு நாய்களை அவள் கவனித்தாள். அவை பன்றியைக் கடிக்கவில்லை. ஆள் வரும்வரை சுற்றிச் சுற்றி ஓடிக் குரைத்து, ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தன. அவற்றின் குட்டிகளும், யாரும் பழக்காமலேயே, அதையே செய்தன.

அன்றிலிருந்து அவள் எழுதி வைத்தாள். எது தாய், எது தகப்பன், என்ன எடை, எந்தக் குட்டிக்கு என்ன நோய். ஒரு வீட்டில் இரண்டு நாய்க்குமேல் லைசென்ஸ் கிடைக்காததால் குட்டிகளைத் தெரிந்தவர்கள் வீடுகளில் விட்டாள். மாதந்தோறும் போய்ப் பார்த்தாள். இது தனி இனம் என்று ஜெராய் காவல்நாய் எனப் பெயரும் வைத்தாள். பினாங்கில் ஒரு கண்காட்சியில் அவள் இதைச் சொன்னபோது, பக்கத்தில் நின்றவர் அவள் முகத்துக்கு நேரே சிரித்தார். அவள் சங்கத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தாள். ஆறாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது: மூன்று தலைமுறை ஆவணம், ஒரே உருவமும் ஒரே குணமும் உள்ள எட்டு நாய்கள். காட்டினால் புது இனங்களுக்கான தொடக்கப் பட்டியலில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் நகராண்மைக் கழக அலுவலக முகப்பை அடைந்தபோது மணி இரண்டு நாற்பது. தடுப்பூசி அட்டையும் கழுத்துப் பட்டையுமாகப் பழனியாண்டி வாசலில் காத்திருந்தான். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மலாய் அதிகாரி பாரத்தை நீட்டி, "பாக்கா?" என்றார். நாயின் இனத்தைக் கேட்கிறார். ஜெனவீவின் பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது.

"சும்மா காம்போங் நாய்னு எழுதுங்கக்கா, நேரமாவுது" என்றான் பழனியாண்டி.

எழுதினாள். பதினான்கு வருடத்தில், இனமில்லாத நாட்டு நாய் என்று பொருள்படும் அந்தச் சொல்லைத் தன் கையால் அவள் எழுதியது அன்றுதான்.

பட்டை இல்லாமல் பிடிபட்ட நாய் அவளுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். கழுத்துத் தோலுக்கடியில் சிப் இருக்கிறது, எண் இதோ என்று அவள் காட்டினாள். எண்ணைப் படிக்கும் கருவி நாய்க் கொட்டடியில் இருந்தது. ஆறு கிலோமீட்டர் தூரம். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்தார், "சீக்கிரம் போங்க, மூடாம வைக்கச் சொல்றேன்" என்று மலாயில் சொன்னார்.

கொட்டடியின் கடைசிக் கூண்டில், பதினொரு நாய்களுக்கு நடுவே, சுட்டி சுவரோடு ஒட்டிக் கிடந்தது. உடம்பில் சோப்பு காய்ந்து வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருந்தது. கருவி இரண்டு முறை ஓசையின்றி நின்றது. மூன்றாவது முறைதான் எண்ணைக் காட்டியது. மணி மூன்று இருபத்தைந்து.

நாய் கிடைத்துவிட்டது. ஆனால் அது பழைய சுட்டியாக இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்கக் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரவில்லை. கையை நீட்டினால் உதடு தூக்கியது.

"வெட்னரிகிட்ட மருந்து வாங்கிக் குடுத்துருவோம்கா. கொஞ்சம் மந்தமா நிக்கும். யாருக்குத் தெரியப் போவுது?"

"மயக்கத்துல நிக்கிற நாயோட கொணத்தப் பாக்கவா சங்கத்து அம்மா அவ்ளோ தூரம் வராங்க? வேணாம் பழனி."

"எல்லாம் என்னாலதான்."

"ஆமா, உன்னாலதான்" என்றாள் ஜெனவீவ். சொன்ன பிறகு வருந்தினாள். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை தோட்டத்துப் பந்துத் திடலில் எட்டு நாய்கள் வரிசையாக நின்றன. ஷீலா என்ற அந்த ஆய்வாளர் அதிகம் பேசவில்லை. உயரம் அளந்தார். பல் பார்த்தார். தகர மூடியைக் கீழே போட்டார். குடையைச் சட்டென்று விரித்தார். ஏழு நாய்கள் காதை விறைத்துப் பார்த்துவிட்டு அமைதியாக நின்றன.

சுட்டியின் முன் வந்து கையை நீட்டினார். அது தரையோடு படுத்து, படுத்த இடத்திலேயே சிறுநீர் விட்டது. இன்னொரு அடி வைத்தார். உறுமியது. ஜெனவீவ் கயிற்றை இழுத்துப் பிடித்தாள்.

"மேடம், ரெண்டு நாளைக்கு முன்னாடி லோரில புடிச்சிட்டுப் போயிட்டாங்க. என் தப்பு மேடம், நாய் மேல தப்பில்ல" என்று பழனியாண்டி முன்னால் வந்தான்.

ஷீலா ஜெனவீவைப் பார்த்தார். "நீங்க எனக்கு முன்னாடியே போன் பண்ணித் தள்ளி வச்சிருக்கலாமே?"

"தள்ளி வச்சா அடுத்த வருசம்னு சொல்லிருவீங்கன்னு பயந்துட்டேன்."

"நான் இன்னைக்குப் பாத்ததத்தான் எழுத முடியும். ஏழு சரி. எட்டாவது இல்ல." காகிதத்தை மடித்தவர், காரில் ஏறுமுன் சொன்னார்: "இந்த ஒன்ன மட்டும் திரும்பப் பாக்கலாம்னு எழுதுறேன். சங்கம் ஒத்துக்குமான்னு தெரியாது."

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது: ஐந்து மாதத்துக்குள் ஒரு மறு ஆய்வு.

அந்த ஐந்து மாதமும் பழனியாண்டி செம்பனை வெட்டிவிட்டு வந்ததும் சுட்டியைத் தெருவுக்குக் கூட்டிப் போனான். மீன்காரர், தபால்காரர், கோயில் பாடகர் குழுப் பெண்கள் என்று தினம் ஒருவர் கையால் அதற்குக் கோழித்துண்டு கொடுக்கச் சொன்னான். முதல் மாதம் யார் கையிலிருந்தும் அது வாங்கவில்லை. லோரிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் நுழைந்தது. நான்காவது மாதம் லோரி போகும்போதும் ரோட்டோரம் நின்றது. வால் மட்டும் தாழ்ந்திருந்தது.

ஷீலா மறுபடி வந்தபோது ஜெனவீவ் கயிற்றைப் பழனியாண்டியிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். தகர மூடி விழுந்தது. சுட்டி உடம்பைச் சுருக்கி, மெல்ல நிமிர்ந்தது. ஷீலாவின் விரல்கள் அதன் வாயைத் திறந்தன, பல்லைப் பார்த்தன, மூடின.

"சரி" என்றார். அவ்வளவுதான்.

தொடக்கப் பட்டியலில் சேர்த்த கடிதம் நாற்பது நாள் கழித்து வந்தது. முழு அங்கீகாரத்துக்கு இன்னும் பத்து வருடம், ஒவ்வொரு ஈற்றுக்கும் தனி ஆவணம் என்று அதில் இருந்தது. பழனியாண்டி அதைப் பெற்ற பிள்ளையைப்போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

"பத்து வருசமாக்கா?"

"எனக்கு அறுபத்தொண்ணு ஆவும்" என்றாள் ஜெனவீவ். "அன்னைக்கு உன்னைச் சொன்னது தப்பு பழனி. சரி வா, சுட்டிக்கு ஜோடி பாக்கணும்."