ராமுத்தாய் கேட்டு வாங்கிய நாற்காலி

தேவிகுளத்துப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் கொழுந்து கிள்ளியவள் ராமுத்தாய். ஐம்பது வயதில் கால்கள் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்தின. மேடு ஏறினால் முழங்கால் மடங்கிற்று. உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டியிருந்தது. கோட்டயத்தில் காட்டியபோது தசை வலுவிழக்கும் நோய் என்றார்கள். அவளைப் பரிசோதனைக்குக் கொண்டுபோன நேரத்தில் டாக்டர் அவள் கணவன் சங்கையாவிடம் தனியாகப் பேசினார். அவன் வெளியே வந்து, "கால்ல மட்டுந்தானாம். அதுக்கு மேல ஒண்ணுமில்ல புள்ள" என்றான். அவள் நம்பினாள்.

இரண்டு வருஷம் கழித்து, நடக்க முடியாதவர்களுக்கு வண்டி கொடுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் முகாம் போட்டார்கள். இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற பேட்டரி ஸ்கூட்டர். மற்றொன்று, கை வைக்கும் இடத்தில் சின்னக் குமிழ் வைத்த பவர் வீல்சேர். ஒருவருக்கு ஒன்றுதான். மறுபடி கேட்கப் பல வருஷம் ஆகும்.

ராமுத்தாய் ஸ்கூட்டரை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அதில் போனால் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவள். நாற்காலியில் போனால் நோயாளி. ஊர்க்கண்ணுக்கு அவ்வளவுதான் வித்தியாசம். சங்கையா அவளைத் தூக்கி ஸ்கூட்டரில் உட்காரவைத்தான். அவள் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். முகத்தில் காற்றுப் பட்டது. யாரும் பிடிக்காமல் அவள் நகர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பரிசோதிக்க வந்த பிசியோதெரபிஸ்ட் ஜின்சி, "இன்னும் ரெண்டு சுத்து போங்கம்மா" என்றாள்.

மூன்றாவது சுற்றின் திருப்பத்தில் இடது கை கைப்பிடியிலிருந்து நழுவிற்று. உடம்பு ஒரு பக்கமாகச் சாய, ஜின்சி ஓடிவந்து தோளைத் தாங்கினாள். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொன்னாள். இடது கை தோளுக்கு மேல் வரவில்லை.

"இலைக்கூடை சொமந்த தோளு. அந்த வலிதான்" என்றாள் ராமுத்தாய்.

ஜின்சி கோட்டயத்துச் சீட்டை எடுத்துப் படித்தாள். அப்புறம் சங்கையாவைப் பார்த்தாள். "அண்ணே, கை பலமும் போகப்போகக் கொறையும்னு டாக்டர் சொல்லலியா?"

சங்கையா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"எம்புட்டு நாளா?"

"அன்னைக்கே சொல்லிட்டாக. காலு போனதுக்கே நீ மூணு நா சாப்பிடல. கையையும் எப்படிச் சொல்லுவேன்?"

"ஏங் கைங்க அது" என்றாள் ராமுத்தாய். குரல் உயரவில்லை.

கூட்டத்தில் யாரையோ பெயர் சொல்லி அழைத்தார்கள். அவள் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே ஜின்சியிடம் கேட்டாள். "விரலு எத்தன நாளு நிக்கும் தாயி?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. தோளும் முழங்கையும்தான் முதல்ல தளரும். விரல் ரொம்ப நாள் வரும். குமிழ அசைக்க ஒரு விரல் போதும். ஆனா ஏத்தத்துல அந்த நாற்காலி போகாது. உங்க லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால சிமெண்ட் பாதை எவ்வளவு தூரமோ அவ்வளவுதான்."

கோயில் மேட்டில் இருந்தது, கடைத்தெரு பள்ளத்தில். ஸ்கூட்டரில் ஆள் துணையோடு கொஞ்ச நாள் இரண்டுக்கும் போய்வரலாம். ராமுத்தாய் அதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள்.

"நாற்காலியவே எழுது" என்றாள்.

நாற்காலி வந்து மூன்று வருஷம் ஆகிறது. இடது கை இப்போது மடியிலேயே கிடக்கிறது. சோறு ஊட்டுவது சங்கையாதான். வந்த புதிதில் நாலைந்து மாதம் அவனிடம் வேண்டிய பேச்சுக்கு மேல் அவள் பேசவில்லை. அவனும் சமாதானம் சொல்ல வரவில்லை. வேலை முடிந்து வந்ததும் லயத்து வாசல் படிகளை உடைத்துச் சரிவாக்கினான். குழாயடி வரைக்கும் பாதையில் இருந்த பள்ளங்களைத் தானே பூசினான்.

காலையில் பெண்கள் வேலைக்குக் கிளம்பும்போது ராமுத்தாய் வலது கை விரலால் குமிழைத் தள்ளிப் பாதை முடிகிற இடம்வரை அவர்களோடு போகிறாள். அங்கிருந்து அவர்கள் மலையேறுகிறார்கள்.

போன மாதம் மறுபடி கோட்டயம் போனார்கள். உள்ளே போனதும் அவள் முந்திக்கொண்டாள். "டாக்டரே, எதுன்னாலும் என்கிட்ட சொல்லுங்க."

அடுத்துத் தளரப்போவது மூச்சு என்றார் டாக்டர். சங்கையா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ராமுத்தாய் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டரிடம் கேட்டாள். "அதுக்கு இப்பவே என்ன செய்யணும்?"