பூட்ஸுக்கு வலிக்குமே

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஒரு வங்கியில் லாக்கர் அறைக்குப் பொறுப்பாளர். பிறர் பூட்டி வைத்துவிட்டு மறந்துபோகும் பொருள்களுக்கு நாள் முழுக்கக் காவல் இருப்பது அவர் வேலை. அது உடம்பில் ஊறிவிட்டது. அலுவலகத்தில் அவருக்குச் ‘சிகரம்’ என்று பட்டப்பெயர். வாழ்நாளில் அவர் ஏறிய அதிகபட்ச உயரம், பரணுக்குப் போடும் ஏணியின் உச்சிப்படி. ஆனால் மலையேறுவதற்கு வேண்டிய சாமான் என்று உலகத்தில் ஒன்று இருந்தால் அது அவரிடம் இருக்கும்.

கண்டதையும் வாங்கிக் குவிக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஜோடி காலுறை வாங்கவே மாதக்கணக்கில் யோசிப்பார். துணியை விரலால் தேய்ப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், கடைக்காரர் கொட்டாவி விடும்வரை கேள்வி கேட்பார். அவர் கணக்கில் பருத்தி துரோகி. வேர்வையைக் குடித்துவிட்டு, குளிரும்போது உடம்பில் ஒட்டிக்கொண்டு கழுத்தறுக்கும். கம்பளி உத்தமன். நனைந்தாலும் சூடு தரும், நாற்றம் பிடிக்காது. நைலான் நல்ல உழைப்பாளி, நெருப்புப் பக்கம் மட்டும் சேர்க்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் இவரைப் பற்றி இதில் பாதி விசாரித்திருந்தால் அக்கா தப்பித்திருப்பாள்.

வாங்கியதைப் பராமரிப்பது அடுத்த கூத்து. அந்த வீட்டில் பீரோ என்றால் அத்தானின் பீரோ. அக்காவின் துணிமணிக்குக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி. வாத்து இறகு அடைத்த படுக்கைப் பையை அமுக்கி வைத்தால் இறகு மறுபடி உப்பாதாம். அதனால் அது பீரோ இருக்கும் அறையின் கதவுக்குப் பின்னால் முழு நீளத்துக்குத் தொங்கும். கதவைச் சாத்தினால் யாரோ தோளில் சாய்கிற மாதிரி இருக்கும். அந்த அறையின் சன்னலைத் திறக்கவே கூடாது, ஈரம் வந்துவிடும். மழைக்கோட்டுக்குச் சாதாரண சோப்புத்தூள் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில், அதற்கென்று வாங்கிய சோப்பில், பிழியாமல் அலச வேண்டும்.

“முறுக்காதே! அது மூச்சு விடற துணி!” என்று ஒருநாள் சமையலறையில் சத்தம் போட்டார்.

“நானும் மூச்சு விடறவதான். கொஞ்சம் நகருங்க, பாத்திரம் கழுவணும்” என்றாள் அக்கா.

மழை பெய்தால் அத்தான் குடையை எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். கோட்டு நனைந்துவிடுமாம்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மலையேற்ற பூட்ஸ். அதன் தோலுக்கு மெழுகு தடவித் துடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, பரணில் வைத்திருந்தார். பரண் வெயில் காலத்தில் அடுப்பு மாதிரி கொதிக்கும். அங்கேதான் அது பத்திரமாம். கடைத்தெரு வரைக்குமாவது ஒரு தடவை போட்டு நடந்து பாருங்களேன் என்று ஒருமுறை கேட்டேன்.

“தார் ரோட்டுல நடந்தா அடிப்பாகம் தேயும்மா. பூட்ஸுக்கு வலிக்குமே” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அக்காவுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அவள் சமையலறையிலிருந்து பார்த்தால் தெருவுக்குப் பின்னால் ஒரு குன்று தெரியும். பெரிய மலையெல்லாம் இல்லை, ஆடுகள் ஏறி இறங்குகிற உயரம்தான். அதன் உச்சியில் அத்தானோடு ஒருமுறை நிற்க வேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெயில் காலத்தில் வெயில் என்பார், மழைக் காலத்தில் வழுக்கும் என்பார், இரண்டும் இல்லாத காலத்தில் “இன்னும் சரியான முதுகுப்பை அமையலை” என்பார்.

இந்த வருஷம் அக்காவின் முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்துகொண்டிருக்கிறது, ஏறணும்னு ஆசை இருந்தா இப்பவே ஏறிடுங்க, அடுத்த வருஷம் சொல்ல முடியாது என்றாராம். அக்கா வீட்டுக்கு வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“வர ஞாயித்துக்கிழமை நான் குன்றுக்குப் போறேன். நீங்க வந்தா வாங்க” என்றாள்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை முதல் கால்வரை மலையேற்றச் சாமான்களைப் பூட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அக்கா காலில், காய்கறி வாங்கப் போட்டுப்போகும் பழைய கேன்வாஸ் ஷூ. அவள் சட்டையை அத்தான் உற்றுப் பார்த்தார்.

“பருத்தியா?”

“ஆமா, துரோகிதான். கூடவே இருந்து பழகிடுச்சு” என்றாள் அக்கா.

துணைக்குப் போன நான் பின்னால் நடந்தேன். ஒற்றையடிப் பாதையில் கறுப்புக் கறுப்பாக ஏதோ கிடந்தது. ஆட்டுப்புழுக்கை என்று நினைத்தேன். புழுக்கை அத்தானின் பூட்ஸிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பாதி வழியில் வலது பூட்ஸ் வாயைப் பிளந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் இடது பூட்ஸின் அடிப்பாகம் பாதையிலேயே தங்கிவிட, அத்தான் மட்டும் ஓர் அடி முன்னால் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தூறல். பெருமையோடு கோட்டை எடுத்து உதறினார். உள்பூச்சு முழுக்கத் தோல் உரிகிற மாதிரி உரிந்து அவர் தலையில் வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது.

ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். கையில் எடுத்த அடிப்பாகம் பொடிப்பொடியாகப் போனது.

“ஒரு தடவைகூடப் போடலையே. எப்படிக் கெட்டுச்சு?”

இத்தனை வருஷமாக நான் காத்திருந்த தருணம் அது. கேலி நுனிநாக்கில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. எனக்கு அது பெரிய அவமானம்.

“போடாததாலதான் அத்தான். பைக்குள்ள அடைஞ்ச காத்துல இருக்கிற ஈரமே அதை அரிச்சிடும். புழங்கிட்டிருந்தா கொஞ்ச நாளாவது உழைச்சிருக்கும். நீங்க பையில கட்டிப் பரண்ல வேக வச்சிட்டீங்க.”

“திரும்பிடலாம். அடுத்த வருஷம் நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிட்டு...”

“அடுத்த வருஷம் உங்களுக்குப் புது பூட்ஸ் வந்துடும். எனக்குப் புது முட்டி யாரு வாங்கித் தருவா?” என்றாள் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பி ஏற ஆரம்பித்தாள், வலிக்கிற காலை லேசாக இழுத்துக்கொண்டு.

அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று அத்தான் காத்திருந்தார். பார்க்கவில்லை. அவர் குனிந்து இரண்டு பூட்ஸின் கயிறுகளையும் அவிழ்த்தார். தரையில் படக்கூடாது என்று வீட்டுக்குள் கட்டில்மேல் உட்கார்ந்து மாட்டிப் பார்க்கும் அந்த உத்தமக் கம்பளிக் காலுறையோடு சேற்றில் கால் வைத்தார். முள் குத்தியபோதெல்லாம் கத்தினார். ஆனால் ஏறினார்.

உச்சியில் அக்கா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். அத்தான் மூச்சிரைக்கப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். காலுறையில் விரல்கள் எல்லாம் வெளியே தெரிந்தன.

“வலிக்குதா?” என்றாள்.

“வலிக்குது.”

“எனக்கும்.”

கீழே எங்கள் தெரு தெரிந்தது. அக்கா கண்ணைச் சுருக்கி வீட்டைத் தேடிப் பிடித்தாள்.

“ஐயோ, பீரோ ரூம் சன்னலைத் திறந்து போட்டுட்டே வந்திருக்கேன். அடைஞ்சு கிடக்குதேன்னு காலையில திறந்தேன்.”

தூறல் வலுத்தது. பழக்க தோஷத்தில் அத்தான் பாதி எழுந்துவிட்டார். அப்படியே வீட்டைப் பார்த்தார், அக்காவின் முழங்காலைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

“நனையட்டும். இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம்” என்றார்.