ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றுக் கோடு

பேருந்து ஓட்டும் அந்த மனிதரை டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நூல்கண்டு என்றால்தான் திரும்புவார். ஒரு நடை முடிந்து அடுத்த நடை கிளம்பும்வரை மற்ற ஓட்டுநர்கள் அரட்டை அடிப்பார்கள், இல்லையென்றால் குறட்டை விடுவார்கள். இவர் மடியில் நூலைப் போட்டுக்கொண்டு குரோஷா ஊசியால் முயல் பொம்மையோ ஆமை பொம்மையோ பின்னிக்கொண்டிருப்பார். "அண்ணன் ரொம்ப நாளா நூல் விட்டுப் பாக்குறாரு, ஒண்ணும் மாட்டல" என்று கண்டக்டர் வாருவார். "உன் வேலையப் பாருடா" என்று தலை நிமிராமல் பதில் வரும்.

கற்றுக்கொடுத்தவர் அவருடைய வீட்டம்மா. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த அம்மா இலவசமாகப் பொம்மை பின்னிக் கொடுத்து வருகிறார். எந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று வார்டு நர்ஸ் கேட்டுச் சொல்லுவார். ஒரு கண்ணி தளர்ந்தாலும் முழுச் சுற்றையும் அவிழ்த்துவிட்டு மறுபடி போடுகிற ஆள் அவர். புருஷன் பின்னியதிலோ பஞ்சு எட்டிப் பார்க்கும். "இது ஏங்க கோவிச்சுக்கிட்ட மாதிரி மூஞ்சியத் திருப்பிட்டு நிக்குது?" என்று கேட்டுவிட்டு, போனால் போகிறதென்று, பேருந்தின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். இத்தனை வருஷத்தில் நூல்கண்டின் பொம்மை ஒன்றுகூட வார்டு வாசலைத் தாண்டியதில்லை. மனிதர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். ஆனால் மனசுக்குள் அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அவர் இடக்கைக்காரர். மனைவி வலமிருந்து இடமாகப் பின்னிப் போவார். எதிரில் உட்கார்ந்து பார்த்துப் பழகிய இவர் இடமிருந்து வலமாகப் போவார். ஒருவர் ஆரம்பித்ததை மற்றவர் தொடர்ந்தால் கண்ணிகள் எதிரும் புதிருமாகச் சாய்ந்து, கைமாறிய இடம் கோடாகத் தெரியும். சமையலிலும் துணி துவைப்பதிலும் இரண்டு பேர் கையும் விழுகிற வீடுதான் அது. பொம்மையில் மட்டும் விழாது.

ஒரு நாள் காலையில் வீட்டம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு போயிற்று. அதே ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டருக்காகக் காத்திருந்தபோது வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. உடைந்த கையோடும் பொம்மைப் பையை விடாமல் கொண்டுவந்திருந்தார்.

"நாளைக்குக் காலைல வார்டுல இருக்கற அந்தப் பொண்ணுக்கு ஆபரேஷன். ஒட்டகச்சிவிங்கி பாதில நிக்குது. தரேன்னு சொல்லிட்டேனே" என்று ஒரே புலம்பல். அந்தச் சின்னப் பெண்ணுக்குக் குடலிறக்கம். பொம்மை வந்தால் ஊசிக்கு அழமாட்டேன் என்று நர்ஸிடம் வாக்குக் கொடுத்திருந்தாளாம்.

"நான் முடிக்கட்டுமா?" என்று மெல்லக் கேட்டார் நூல்கண்டு.

"வேணாம். வயித்தச் சுத்திக் கோடு விழும். அப்படி ஒண்ண நான் குடுக்கமாட்டேன்."

"ஒண்ணுமே குடுக்காம இருக்கறதுக்கு..."

"பேசாம இருங்க."

எக்ஸ்ரேவுக்கு அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். நூல்கண்டு பையைத் திறந்து பார்த்தார். கால், தலை, காது எல்லாம் தனித்தனியாகத் தயார். வயிறு பாதியில் நின்றது, ஊசியோடு. வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தெரிந்தே எடுத்தார். குறுகலான சந்தில் பேருந்தைத் திருப்புகிற கவனத்தோடு ஒவ்வொரு கண்ணியையும் மனைவியைப் போலவே இறுக்கினார். எக்ஸ்ரேவுக்கு வரிசை, படத்துக்கு வரிசை, கட்டுப் போட வரிசை. ஆஸ்பத்திரி வரிசையைத் திட்டாத மனிதன் உண்டா? அன்றைக்கு அந்த வரிசைகளை அவர் மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டம்மா மாவுக்கட்டோடு வெளியே வந்தபோது ஒட்டகச்சிவிங்கிக்குத் தலையும் பொருத்தியாகியிருந்தது. வயிற்றைச் சுற்றிக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

"உங்கள யாரு தொடச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவிழ்த்துப் போட நேரமில்லை என்பது வீட்டம்மாவுக்கும் தெரியும். நல்ல கையால் பொம்மையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பஞ்சு எட்டிப் பார்க்கவில்லை. "நீங்களே போய்க் குடுங்க. நான் உள்ள வரல" என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

அந்தப் பெண் பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோட்டின்மேல் விரலை ஓட்டினாள்.

"இதுக்கும் வயித்துல ஆபரேஷனா தாத்தா?"

"ஆமாம்மா."

"சரியாயிடுச்சா?"

"நீயே இழுத்துப் பாரு."

இரண்டு கையாலும் பலமாக இழுத்தாள். பிரியவில்லை. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அதைத் தன் போர்வைக்குள் படுக்கவைத்தாள். வாசலில் நின்றவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாள். வம்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வார்டிலுள்ள மற்ற பிள்ளைகளும் ஆபரேஷன் ஆன பொம்மைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பதாக நர்ஸ் சொல்லி அனுப்பினார்.

கட்டுப் பிரித்து, கை பழையபடி வளைய ஆரம்பித்ததும் வீட்டம்மா ஒரு கரடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோட்டைத் தானே கொண்டுவந்துவிடலாம் என்று வேறு நிற நூலில் ஒரு சுற்றுப் போட்டார். கரடி பெல்ட் கட்டியதுபோல் இருந்தது. திருப்பிப் பிடித்துப் பின்னினார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டதுபோல் ஆயிற்று. அவிழ்த்தார், போட்டார், அவிழ்த்தார். நூல்கண்டு செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பிழைக்கத் தெரிந்த மனிதர்.

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுப் பையின்மேல் பாதிக் கரடி உட்கார்ந்திருந்தது.

"மேல்பாதி உங்களோடது. இறுக்கிப் போடுங்க" என்றார் வீட்டம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

"கோடு தெரியுமே?"

"தெரியட்டும்."

முதல் நடை முடிந்ததும் ஊசியை எடுத்தார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "புதுசா அண்ணே? கண்ணாடிக்குக் கீழ இடமே இல்லையே."

"இது அங்க வைக்கறதுக்கு இல்லடா" என்றார் நூல்கண்டு. "வார்டுக்குப் போகுது."